நடக்காத விசாரணை

அன்புள்ள ஐயா,

நைஜீரியாவில் போகோ ஹராம் இயக்கம் கடத்திய சிபோக் மாணவிகளைப் பற்றி நீங்கள் சென்ற மாதம் எழுதிய குறிப்பை வாசித்தேன். நான் கோவையில் அறை எடுத்துத் தங்கி சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஐபிஎஸ் என் கனவு. உள்நாட்டுப் பாதுகாப்புப் பாடத்துக்காக போகோ ஹராம் பற்றிக் கொஞ்சம் படித்தேன். எனக்கு விளங்காதது இதுதான். அதன் தலைவன் அபுபக்கர் ஷெகாவ் போன்ற ஒரு பைத்தியக்காரன், வீடியோவில் கத்தி, சிரித்து, கைகொட்டி ஆடுகிற ஒருவன், எப்படிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிரக்கணக்கானவர்களை வழிநடத்தினான்? இதுபோன்றவர்களை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். 2009இல் அந்த இயக்கத்தைத் தொடங்கிய முகமது யூசுபைச் சுட்டது நைஜீரிய அரசு செய்த ஒரே உருப்படியான காரியம். ஐந்து வருடம் முன்பே செய்திருந்தால் சிபோக்கே நடந்திருக்காது. வறுமைதான் காரணம் என்கிறார்களே, அது சரியா? இந்த விஷயத்தில் ஆழமாகப் போக சில நூல்களைப் பரிந்துரைக்க முடியுமா? தவறாக எண்ண வேண்டாம், நம்மூரில் எழுத எவ்வளவோ இருக்கும்போது நைஜீரியா எதற்கு என்றும் தோன்றியது.

செ.

அன்புள்ள செ.,

கடைசிக் கேள்விக்கு முதலில். எதைப் பற்றி எழுதுவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் தேர்வைப் பாருங்கள்.

வறுமை பற்றி: வட நைஜீரியா முழுவதுமே ஏழ்மைதான். சொக்கோட்டோவும் ஏழை, கட்சினாவும் ஏழை. இந்த இயக்கம் வேர்விட்டது வடகிழக்கு மூலையிலுள்ள போர்னோ மாநிலத்தில். எனவே வறுமை மட்டும் காரணமில்லை, வறுமை இல்லாமலும் இது நடந்திருக்காது. தேர்வில் எழுத இவ்வளவு போதும்.

‘பைத்தியக்காரன்’ என்ற சொல்லை வெட்டிவிடுங்கள். யோபே மாநிலத்தில் ஷெகாவ் என்ற கிராமத்திலிருந்து வந்து, போர்னோவின் தலைநகர் மைதுகுரியில் மதக்கல்வி பயின்று, யூசுபின் துணைவராக உயர்ந்தவர் அவர். 2009இல் செத்துவிட்டார் என்று அரசு சொன்னது. மறுவருடம் ஜூலையில் வீடியோவில் வந்து நின்றார். அதற்குப் பிறகும் அவரைப் பலமுறை சாகடித்தார்கள், பலமுறை திரும்பி வந்தார். அமெரிக்கா அவர் தலைக்கு 70 லட்சம் டாலர் விலை வைத்தது. சம்பிசா காட்டுக்குள் ஒளிந்துகொண்டு, நான்கு நாட்டுப் படைகளுக்குத் தண்ணி காட்டி, சொந்தத் தளபதிகளையே சந்தேகித்துக் கொன்று, அத்தனை வருடம் தலைவராக நீடித்த ஆளுக்குப் புத்தி பேதலித்திருந்தது என்றால் அவரைத் துரத்தியவர்களை என்னவென்று சொல்வது? அந்தக் கூத்தாட்டமெல்லாம் கேமராவுக்காக. யார் பார்ப்பார்கள், பார்த்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆனால் உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தது ஷெகாவுக்காக அல்ல. நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன யூசுபுக்காக. சில வாரங்களாக அந்த மனிதரின் கடைசி விசாரணை மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் கடிதம் சரியாக அங்கேயே வந்து கால்வைத்துவிட்டது.

முகமது யூசுப் 1970இல் யோபே பகுதியில் கிர்கிர் என்ற ஊரில் பிறந்தவர். கானோவின் புகழ்பெற்ற அறிஞர் ஷேக் ஜஃபர் மஹ்மூத் ஆதமின் மாணவர் வட்டத்தில் வளர்ந்தவர். மைதுகுரியில் ஒரு பெரிய பணக்காரர் கட்டிய இந்திமி பள்ளிவாசலில் இளைஞர்களுக்குப் போதித்துக்கொண்டிருந்தார். பேச்சு முற்றியபோது அங்கிருந்து வெளியேற்றினார்கள். மாமனார் பாபா ஃபுகு முகமது ரயில் நிலையத்தை ஒட்டி நிலம் கொடுத்தார். அங்கே இப்னு தைமிய்யா பள்ளிவாசல் எழுந்தது. 2002 வாக்கில் இயக்கம் ஓர் உருவத்துக்கு வந்துவிட்டது. ஆங்கிலேயன் கொண்டுவந்த படிப்பு கூடாது, அந்தப் படிப்பின் வழியாக வரும் அரசு வேலையும் கூடாது, அரசே கூடாது.

இவ்வளவு அபத்தமான பேச்சுக்கு யார் வருவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பட்டதாரிகள் வந்தார்கள். சான்றிதழைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அந்தச் சான்றிதழுக்கு வேலை கொடுக்காத நாட்டில் அதைக் கிழிப்பது அப்படியொன்றும் பெரிய தியாகமில்லை. கிராமத்திலிருந்து குரான் ஓத அனுப்பப்பட்டு, கையில் கிண்ணத்துடன் தெருவில் பிச்சையெடுத்து வளர்ந்த அல்மாஜிரிப் பையன்கள் வந்தார்கள். அவர்களுக்கு யூசுபின் இடத்தில் சோறு கிடைத்தது. தொழில் தொடங்கக் கடன் கிடைத்தது. வாடகைக்கு ஓட்ட மோட்டார் சைக்கிள் கிடைத்தது. பெண் வீட்டாருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் கல்யாணம் தள்ளிப்போனவர்களுக்குக் குறைந்த செலவில் கல்யாணம் நடந்தது. எண்ணெயில் மிதக்கிற ஒரு நாட்டின் அரசாங்கம் செய்யாத வேலைகள் இவை.

அரசியல்வாதிகளும் வந்தார்கள், அவர்களுக்கு ஓட்டு வேண்டியிருந்தது. 1999க்குப் பிறகு வடக்கில் 12 மாநிலங்களில் ஷரியா சட்டம் கொண்டுவரப்பட்டது. மதத்தை முழங்கியவனுக்குத் தேர்தலில் வெற்றி. போர்னோவில் யூசுபுக்கு மிக நெருக்கமானவர் என்று ஊரே அறிந்த பூஜி ஃபோய், மாநில அரசில் மத விவகாரத் துறைக்குப் பொறுப்பாக வந்தார். எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு எவ்வளவு பணம் போனது என்பதெல்லாம் நீதிமன்றத்தில் வைத்து நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டிய விஷயங்கள். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யூசுப் அப்பாவி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரை விட்டு விலகி அவரையே எதிர்த்துப் பேசத் தொடங்கிய ஆசான் ஷேக் ஜஃபர், 2007 ஏப்ரலில் கானோவில் விடியற்காலைத் தொழுகை நடத்திக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். யூசுபின் ஆட்களே செய்தார்கள் என்று பரவலாக நம்பப்படுகிறது. யூசுபிடம் ஆயுதம் இருந்தது, ஆள் இருந்தது, இளைஞர்களின் கோபத்தைக் கூர்தீட்டும் நாக்கு இருந்தது. பலமுறை கைது செய்யப்பட்டு, பிணையில் வெளியே வந்து, கூட்டம் கூடி வரவேற்க ஊர் திரும்பினார். வழக்குத் தொடரக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை.

இனி 2009. அந்த வருடத் தொடக்கத்தில் நைஜீரியாவில் ஹெல்மெட் கட்டாயமானது. விலை கட்டுப்படியாகாத வாடகை மோட்டார் சைக்கிள்காரர்கள் காய்ந்த பூசணி ஓட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓட்டினார்கள். உலகமே பார்த்துச் சிரித்தது. ஜூன் மாதம் மைதுகுரியில், விபத்தில் இறந்த தங்கள் ஆட்களைப் புதைக்க யூசுபின் கூட்டம் மோட்டார் சைக்கிள்களில் ஊர்வலமாகப் போனது. ஹெல்மெட் எங்கே என்று பாதுகாப்புப் படை மறித்தது. வாய்ச்சண்டை முற்றித் துப்பாக்கிச் சூட்டில் 17 பேர் காயமடைந்தார்கள். யூசுப் மன்னிப்பும் நியாயமும் கேட்டார், கிடைக்கவில்லை. ஜூலை 26ஆம் தேதி பௌச்சியில் தொடங்கிய கலகம் மைதுகுரிக்குப் பரவியது. காவல் நிலையங்கள் எரிந்தன. ராணுவம் பள்ளிவாசலைத் தரைமட்டமாக்கியது. சில நாட்களுக்குள் செத்தவர்கள் ஏறக்குறைய 800 பேர்.

ஜூலை 30ஆம் தேதி ராணுவம் யூசுபைப் பிடித்தது. உயிரோடு.

அப்போது எடுத்த ஒரு வீடியோ இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை, தேதிகளை மனப்பாடம் செய்கிறீர்கள். மேல்சட்டை இல்லாத ஒரு மனிதர், கையில் கட்டு. சுற்றிலும் சிப்பாய்கள். கேள்வி கேட்கிறார்கள், ஏறத்தாழ தெருமுனை விவாதம் மாதிரி. மேல்நாட்டுப் படிப்பு கூடாது என்கிறாயே, நீ போட்டிருக்கும் கால்சட்டை? அது பருத்தி, பருத்தி அல்லாஹ்வுடையது என்கிறார். அறிவைத் தேடச் சொல்லித்தானே அல்லாஹ் சொல்லியிருக்கிறான்? இஸ்லாத்துக்கு முரண்படும் அறிவை அல்ல என்கிறார். உன் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது, மருத்துவக் கருவிகள் இருந்தனவே? அதெல்லாம் தொழில்நுட்பம், அது வேறு என்கிறார்.

செ., இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இது எவ்வளவு பலவீனமான வாதம் என்று தெரிகிறதா? ஓட்டைப் பானை. அதே வருடம் பிபிசியிடம், மழை நீராவியிலிருந்து வருவதில்லை, அல்லாஹ் படைப்பது என்று சொன்னவர். பூமி உருண்டை என்பதையும் ஏற்காதவர். பூமி உருண்டையில்லை, ஆனால் கம்ப்யூட்டர் மட்டும் ஆகும். இதை ஒரு வழக்கறிஞர் கையில் மூன்று நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முஸ்லிம் அறிஞர்களே அவரோடு மேடையில் விவாதித்திருக்கிறார்கள். பௌச்சியில் இசா அலி பந்தாமி அவரோடு நேருக்கு நேர் வாதிட்ட ஒலிப்பதிவு வடக்கு முழுக்கச் சுற்றியது. அந்தப் பந்தாமி பிற்பாடு நைஜீரியாவின் தகவல்தொடர்பு அமைச்சராகவே ஆனார்.

இன்னும் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போர்னோவுக்கு இது புதிதே இல்லை. 1804இல் உஸ்மான் தான் ஃபோதியோ ஜிஹாத் அறிவித்து ஹவுசா அரசுகளை வீழ்த்தினார். பல நூற்றாண்டுகளாக முஸ்லிம் நாடாக இருந்த போர்னோவின் வாசலுக்கும் அந்தப் போர் வந்தது. போர்னோவைக் காத்த முகமது அல்கானமி வாளையும் எடுத்தார், பேனாவையும் எடுத்தார். நாங்கள் தொழுகிறோம், நோன்பு இருக்கிறோம், எங்கள்மேல் எந்த நியாயத்தில் போர் என்று ஃபோதியோ தரப்பின் சொக்கோட்டோவுக்குக் கடிதம் எழுதினார். எங்களிடம் தவறுகள் உண்டு, பாவம் செய்வது வேறு, மதத்தையே மறுப்பது வேறு, எந்தக் காலத்தில் எந்த நாட்டில் பாவமே இல்லாமல் இருந்தது என்று கேட்டார். எதிர்த்தரப்பு பதில் எழுதியது. இரு தரப்பும் எழுதியவை இன்றும் கிடைக்கின்றன, அல்கானமியின் கடிதங்களைக் காப்பாற்றி வைத்ததே சொக்கோட்டோ தரப்புதான். யூசுபின் மொத்தத் தத்துவத்துக்கும் பதில், அவர் நின்ற அதே மண்ணில் இருநூறு வருடத்துக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. அதை ஒரு நீதிமன்றத்தில் உரக்கப் படிக்க ஆளில்லாமல் போயிற்று.

ஏனென்றால் ராணுவம் யூசுபைப் போலீஸிடம் ஒப்படைத்தது. அன்று மாலைக்குள் செய்தியாளர்களுக்குப் பிணத்தைக் காட்டினார்கள். தப்பியோட முயன்றாராம். தான் ஒப்படைத்தபோது யூசுப் உயிரோடுதான் இருந்தார் என்று அவரைப் பிடித்த ராணுவ அதிகாரியே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். அதே நாட்களில் பூஜி ஃபோயும் பிடிபட்டுச் செத்தார். மாமனார் பாபா ஃபுகு, முதியவர், அவராகவே நடந்து போய்ப் போலீஸில் ஆஜரானவர். அவரும் பிணமாகத்தான் திரும்பினார். அவர் குடும்பம் வழக்குப் போட்டது. பத்து கோடி நைரா இழப்பீடு தர வேண்டும் என்று 2010இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. யூசுபும் பூஜி ஃபோயும் கூண்டில் நின்று வாயைத் திறந்திருந்தால் மைதுகுரியிலும் நாட்டின் தலைநகர் அபுஜாவிலும் யார் யாருக்குத் தூக்கம் போயிருக்கும்? நீங்கள் ‘உருப்படியான காரியம்’ என்று பாராட்டுகிற அந்தத் தோட்டா நாட்டைக் காப்பாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. சில பேருடைய பெயரை அது காப்பாற்றியது.

என் அப்பா செஷன்ஸ் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். எண்பதுகளில், தெற்கே ஒரு சிறு நகரம். ஒரே இரவில் ஒரு குடும்பத்தையே வெட்டிச் சாய்த்தவன் ஒருவனின் வழக்கு வந்தது. ஊருக்கே அவனைக் கோர்ட் வாசலில் வைத்துத் தீர்த்துவிட வேண்டும் என்ற வெறி, அப்பாவுக்கும் சேர்த்து. சாட்சிகள் முடிந்ததும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313ஆம் பிரிவுக் கேள்வி வரும், நீங்கள் படித்திருப்பீர்கள், இப்போது எண் மாறிவிட்டது. சாட்சி இப்படிச் சொல்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று நீதிபதி குற்றவாளிக் கூண்டில் நிற்பவனிடமே கேட்க வேண்டும். கேட்டே ஆக வேண்டும், எவ்வளவு பெரிய பாதகனாக இருந்தாலும். இவன் ஒவ்வொன்றுக்கும் ‘பொய்’, ‘பொய்’ என்று சொல்லிக்கொண்டே வந்தான். கடைசியில் வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டதும் ஆரம்பித்தான். அரிவாள் யார் வீட்டில் தீட்டப்பட்டது, முன்பணம் யார் கொடுத்தது, யார் காரில் போனோம். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர், வழக்குத் தொடங்கிய நாள் முதல் தவறாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், பாதியில் எழுந்து போனாராம்.

அப்பா வீட்டுக்கு வந்து விரல்களை நெட்டி முறித்தபடி, “அந்த நாய் சொன்னதையெல்லாம் ஒரு எழுத்து விடாம எழுதினேன்” என்று அலுத்துக்கொண்டார். ஆயுள் தண்டனை விழுந்தது. போதாது என்றுதான் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய மனிதர்மேல் வழக்கு எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகு தேர்தலிலும் அவர் ஜெயிக்கவில்லை.

முளையில் கிள்ளுவது பற்றி. அதையும் நைஜீரியா ஏற்கெனவே செய்துபார்த்திருக்கிறது, தம்பி. முகமது மர்வா என்று ஒருவர், கேமரூனிலிருந்து வந்து கானோவில் குடியேறியவர். மைதாட்சினே என்று அழைத்தார்கள். வானொலி, கைக்கடிகாரம், சைக்கிள் எல்லாம் ஆகாது என்று போதித்தார். அவரைச் சுற்றியும் இதே அல்மாஜிரிப் பையன்கள். 1980 டிசம்பரில் கலகம் வெடித்தது. ராணுவம் இறங்கி 4,000 பேருக்கு மேல் செத்தார்கள், மர்வாவும் செத்தார். கிள்ளியாயிற்று. 1982இல் அதே கூட்டம் மைதுகுரியின் விளிம்பில் புலும்குத்துவில் கிளம்பியது. 1984இல் யோலாவில், 1985இல் கோம்பேயில். உங்கள் புத்தகம் போகோ ஹராமை 2002இல் தொடங்குவதால் இது கண்ணில் படாமல் போயிருக்கும்.

யூசுபைக் கிள்ளியதன் பலன் ஷெகாவ். யூசுப் யாரோடாவது வாதம் செய்துகொண்டே இருந்தவர். ஷெகாவுக்கு அந்தத் தேவையே இருக்கவில்லை. வாதம் செய்தவரின் பிணத்தை அரசே டிவியில் காட்டிக் கொடுத்துவிட்டதே. 2010 செப்டம்பரில் பௌச்சி சிறையை உடைத்து எழுநூறு பேருக்கு மேல் வெளியே விட்டார்கள். 2011இல் அபுஜாவில் போலீஸ் தலைமையகம், அடுத்து ஐநா கட்டடம். 2012 ஜனவரியில் கானோவில் ஒரே நாளில் 180 பேருக்கு மேல். முஸ்லிம்களை இப்படிக் கொல்வதா என்று ஒரு பிரிவு அன்சாரு என்ற பெயரில் உடைந்து போனது. ஷெகாவின் கணக்கோ எளிது: என்னோடு காட்டுக்குள் வராதவன் முஸ்லிமே இல்லை. 2014 ஏப்ரலில் சிபோக்கின் 276 மாணவிகள். ஆகஸ்டில் குவோசாவைப் பிடித்துத் தன் ஆட்சியை அறிவித்தார். நவம்பரில் கானோ பெரிய பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகையில் குண்டு, நூறு பேருக்கு மேல் சாவு. சின்னப் பெண்பிள்ளைகள் உடம்பில் குண்டைக் கட்டிச் சந்தைக்கு அனுப்பினார்கள்.

அரசும் சும்மா இருக்கவில்லை, அது தொடர்ந்து கிள்ளிக்கொண்டுதான் இருந்தது. 2014 மார்ச்சில் மைதுகுரியின் கீவா ராணுவ முகாமிலிருந்து தப்பி, மறுபடி பிடிபட்ட 640க்கும் மேற்பட்டவர்களை ராணுவம் கொன்றது என்று மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி பதிவுசெய்திருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் தெருவில் சும்மா நின்றதற்காகப் பிடிக்கப்பட்டவர்கள் என்று விசாரிக்கத்தான் யாரும் இல்லையே.

ஷெகாவின் முடிவு உங்கள் புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும். 2015 மார்ச்சில் அவர் ஐஎஸ் அமைப்புக்கு விசுவாசம் அறிவித்தார். அவர்களாலேயே அவருடைய கொலைவெறியைத் தாங்க முடியவில்லை. 2016இல் அவரை இறக்கிவிட்டு அபு முசாப் அல்பர்னாவியைத் தலைவராக அறிவித்தார்கள். அவர் யார் தெரியுமா? யூசுபின் மகன். 2021 மே மாதம் அந்தப் பிரிவின் ஆட்கள் சம்பிசாவுக்குள் புகுந்து சுற்றிவளைத்தபோது ஷெகாவ் தன்மேலிருந்த குண்டை வெடித்துச் செத்தார். அரசு இத்தனை முறை கொன்றும் சாகாதவர், ஆசானின் பிள்ளையுடைய அணியிடம் மாட்டித்தான் செத்தார். அந்த அணி இன்றும் சாட் ஏரிக் கரையில் மீனவர்களிடமும் உழவர்களிடமும் வரி வாங்கிக்கொண்டிருக்கிறது. 2020 முடிய இந்தப் போரில் நேரடியாகவும் பசியாலும் நோயாலும் போன உயிர்கள் ஏறத்தாழ மூன்றரை லட்சம் என்று ஐநா வளர்ச்சித் திட்டத்தின் ஆய்வு சொல்கிறது. அதில் மிகப் பெரும்பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

இவ்வளவு கடுமையாக எழுதியதற்கு வருத்தப்படாதீர்கள். இதே கடிதத்தை வேறு யாராவது எழுதியிருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். நீங்கள் நாளை ஒரு மாவட்டத்துக்கு எஸ்பியாகப் போய் உட்காரப் போகிறவர். கோவையில் வாடகை அறையில், மெஸ் சாப்பாட்டில், வீட்டிலிருந்து வரும் பணத்தைக் கணக்குப் பார்த்துச் செலவழித்துப் படிக்கிறீர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். ஆனால் ‘கிள்ளுவது’ என்ற வேலையை ஒருநாள் நிஜமாகவே உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். மேலிடத்திலிருந்து ஒரு போன் வரும். அன்றைக்கு நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

நூல் பட்டியல் தரப் போவதில்லை. உங்களிடம் ஏற்கெனவே பட்டியல்கள் அதிகம். அதற்குப் பதில் ஒரு வேலை தருகிறேன். அதே மைதுகுரியில் ஜன்னா முஸ்தபா என்ற வழக்கறிஞர் 2007இல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். சிப்பாயின் அநாதைப் பிள்ளையும் போகோ ஹராம்காரனின் அநாதைப் பிள்ளையும் அங்கே ஒரே வகுப்பில் படிக்கிறார்கள், குரானும் உண்டு, மேல்நாட்டுப் படிப்பும் உண்டு. ஊரெல்லாம் பள்ளிகள் எரிந்தபோது இது நடந்துகொண்டிருந்தது. பிற்பாடு காட்டுக்குள் பேச்சு நடத்த ஆள் தேவைப்பட்டபோது அவரைத்தான் இரு தரப்பும் நம்பின. 2016இல் 21 சிபோக் பெண்கள், 2017இல் 82 பேர் வெளியே வந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. இவரைப் பற்றி ஒரு பக்கம், தானாகப் போய் ஆஜரான கிழவர் பாபா ஃபுகு பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். பிரிலிம்ஸ் முடிந்த பிறகு போதும், அவசரமில்லை. ஐபிஎஸ் நேர்காணலில் இதைக் கேட்க மாட்டார்கள் என்று பதில் எழுதாதீர்கள். நான் கேட்கிறேன்.